உங்க குட்டிக்கு எல்கேஜி அட்மிஷன் போடப் போறீங்களா? வயசு, சர்டிபிகேட், ஃபீஸ், இலவச சீட்... பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விவரம்!

பொங்கல் முடிந்ததும் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி கட்டாயம் வந்துவிடும். "பாப்பாவுக்கு ஸ்கூல் பாத்தாச்சா?" அதைத் தொடர்ந்து, "எங்க அபார்ட்மென்ட்ல டிசம்பர்லயே சீட் போட்டுட்டாங்க, இன்னும் நீங்க பாக்கலையா?" என்று யாராவது கொளுத்திப் போடுவார்கள். அதுவரை நிம்மதியாக இருந்த அப்பா, அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

அந்தப் பதற்றத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வயசு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டுகிறார்கள். இலவச சீட்டுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் கடன் வாங்குகிறார்கள். பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றே கேட்பதில்லை. எனவே எல்கேஜி சேர்க்கையில் எதை எப்போது செய்ய வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த வயசில் சேர்க்கலாம்?

தமிழ்நாட்டில் ஜூலை 31 தான் கணக்கு. அந்தத் தேதிக்குள் 3 வயசு முடிந்திருந்தால் எல்கேஜி, 4 முடிந்திருந்தால் யுகேஜி, 5 முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. அதாவது 2022 ஆகஸ்ட் 1 முதல் 2023 ஜூலை 31 வரை பிறந்த குழந்தைகள் 2026 ஜூனில் எல்கேஜி சேரும் வயதில் இருப்பார்கள்.

சரி, மத்திய அரசுப் பள்ளிகளில்? அங்கே கணக்கு வேறு. தேசிய கல்விக் கொள்கை 2020 ஒன்றாம் வகுப்புக்கு 6 வயசு என்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் மார்ச் 31 அன்று 6 வயசு முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 6 வயசு விதியே நிலைத்தது.

இது எல்கேஜி பெற்றோருக்கு எதற்கு என்று கேட்கலாம். மூன்று வயசில் எல்கேஜி போட்ட குழந்தை, ஐந்து வயசில் யுகேஜியை முடித்துவிடும். அப்போது கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு முயற்சி செய்தால், "இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்பார்கள். வெளிமாநிலத்துக்கு மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும். அதனால் சிபிஎஸ்இ பள்ளியோ, மெட்ரிக் பள்ளியோ, "உங்க ஸ்கூல்ல எந்தத் தேதியை வெச்சு வயசு கணக்கு பண்றீங்க? ஒண்ணாம் வகுப்புக்கு 5-ஆ, 6-ஆ?" என்று முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

இரண்டரை வயசிலேயே சேர்த்துவிடலாமா?

"வீட்டுல ஒரே சேட்டை, ஸ்கூல்ல போட்டாத்தான் அடங்குவான்." பல தாத்தா, பாட்டிகளின் வாதம் இது. ஆனால் வயசுக்கு முன்பே சேர்த்த குழந்தை அந்த வகுப்பில் எப்போதும் சின்னப் பிள்ளையாகவே இருக்கும். மூன்று வயசில் ஆறு மாத வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம். பேச்சு, பென்சில் பிடிப்பு, தானே சாப்பிடுவது, பாத்ரூம் வருகிறது என்று சொல்வது, எல்லாவற்றிலும் அது தெரியும். குழந்தை மந்தம் என்று டீச்சர் நினைப்பார். உண்மையில் அதற்கு வயசு பத்தவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை கடைசியில் பிறந்த குழந்தையா? சட்டப்படி சேர்க்கலாம். ஆனால் இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை, அம்மாவை விட்டு அரை மணி நேரம்கூட இருப்பதில்லை என்றால், ஒரு வருஷம் அங்கன்வாடிக்கோ, விளையாட்டுப் பள்ளிக்கோ அனுப்பிவிட்டு அடுத்த ஆண்டு சேர்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பொதுவாகப் பள்ளிகள் கேட்பவை இவைதான்.

* பிறப்புச் சான்றிதழ் (குழந்தையின் பெயருடன்)
* குழந்தையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பெற்றோர் போட்டோ
* சாதிச் சான்றிதழ் (இருந்தால்)
* ஆதார் (இருந்தால்)
* முகவரிக்கு ரேஷன் கார்டு போன்ற ஏதாவது ஒரு சான்று
* தடுப்பூசி அட்டை, ரத்த வகை விவரம்

எல்கேஜிக்கு டிசி தேவையில்லை. 

இதில் அதிகம் பேர் சிக்கிக்கொள்வது பிறப்புச் சான்றிதழில்தான். ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பெயர் இல்லாமலேயே பதிவாகிவிடும். பெயர் வைத்த பிறகு சேர்க்க மறந்துவிடுவார்கள். பதிவு செய்து ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எங்கே பிறப்பு பதிவானதோ அந்தப் பிறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்றால், அந்த ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும். அட்மிஷனுக்கு இரண்டு நாள் முன்னால் பஸ் ஏறாமல் இப்போதே முடித்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான மாற்றம். பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதி முதல் பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். 2027-ல் எல்கேஜி சேரப்போகும் குழந்தைகளில் பெரும்பாலானோர் இந்தக் கணக்கில் வருவார்கள்.

சான்றிதழில் உள்ள ஸ்பெல்லிங், இனிஷியல், பள்ளி விண்ணப்பத்தில் எழுதும் பெயர், ஆதாரில் உள்ள பெயர், மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். இன்றைக்கு ஒரு எழுத்துதானே என்று விட்டால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரும்போது அது பெரிய அலைச்சலாகிவிடும்.

ஆதார் இல்லை என்றால் சீட் கிடையாதா?

அப்படிச் சொல்லக் கூடாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் வழங்கிய ஆதார் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. 5 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கைரேகை, கண் கருவிழி பதிவு இல்லாமல் நீல நிற 'பால் ஆதார்' தருகிறார்கள். 5 வயசு ஆனதும் கைரேகை, கருவிழியைப் பதிந்து புதுப்பிக்க வேண்டும். 5 முதல் 7 வயசுக்குள் போனால் இதற்குக் கட்டணம் இல்லை.

அரசு வழி: அங்கன்வாடியும் அரசுப் பள்ளி எல்கேஜியும்

பணம் கட்டித்தான் குழந்தையைப் படிக்க வைக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊரில் பலர் இன்றும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறோம். 2 வயசு முடிந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். பாட்டு, கதை, விளையாட்டு என்று முன்பருவக் கல்வி, கூடவே மதிய உணவு, முட்டை, எடை, உயரம் பார்ப்பது எல்லாம் உண்டு. கட்டணம் எதுவும் கிடையாது.

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டது. 2022-ல் இந்த வகுப்புகள் மூடப்படுமா என்ற குழப்பம் வந்து, பிறகு தொடரும் என்று அரசே அறிவித்தது. உங்கள் ஏரியாவில் இருக்கிறதா என்பதை அருகில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளி தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எல்லா அரசுப் பள்ளியிலும் எல்கேஜி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்து வயசு முடிந்தால் அரசுப் பள்ளியில் நேரடியாக ஒன்றாம் வகுப்பு சேரலாம். எல்கேஜி, யுகேஜி படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விஜயதசமி அன்றும் அரசுப் பள்ளிகளில் சேர்க்கை நடக்கும்.

தனியார் பள்ளியில் இலவச சீட்: ஆர்டிஇ என்றால் என்ன?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, சுருக்கமாக ஆர்டிஇ. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். பள்ளியில் எல்கேஜி இருந்தால் அதுதான் நுழைவு வகுப்பு. கட்டணத்தைப் பள்ளிக்கு அரசு தரும். 8ஆம் வகுப்பு வரை இந்தச் சலுகை.

யாருக்குக் கிடைக்கும்?

* பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்டி குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு'. இதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும்.
* ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக உள்ள குடும்பம் என்றால் 'நலிவடைந்த பிரிவு'. இதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும்.
* ஆதரவற்ற குழந்தைகள், எச்ஐவியால் பாதிக்கப்பட்டவர்கள், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளரின் குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு.

வீட்டிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பள்ளிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். இடங்களைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல்தான். "எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு, சீட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். விண்ணப்பத்துக்கே கட்டணம் கிடையாது.

வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். ஆனால் 2025-26 கல்வியாண்டில் மத்திய அரசின் நிதி வராத சிக்கலில், அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் சர்வர் வேலை செய்யாது என்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

இரண்டு விஷயத்தை முன்பே யோசிக்க வேண்டும். ஒன்று, யூனிஃபார்ம், நோட்டு, வேன் என்று பள்ளி தனியாகக் கேட்குமா என்பதைச் சேரும் முன்பே தெளிவாகக் கேளுங்கள். இரண்டு, ஒன்பதாம் வகுப்பு வந்ததும் முழு ஃபீஸும் உங்கள் தலையில்தான். அப்போது கட்ட முடியுமா, அல்லது அரசுப் பள்ளிக்கு மாற்றுவோமா என்று இன்றே பேசி வைப்பது நல்லது.

ஃபீஸ்: எவ்வளவு கேட்கலாம்? எதற்குக் கேட்கக் கூடாது?

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை, 2009ஆம் ஆண்டு சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை வகுப்பு வாரியாக அந்தத் தொகை இருக்கும். "குழு உங்க ஸ்கூலுக்கு எவ்வளவு நிர்ணயம் பண்ணியிருக்கு?" என்று கேட்பது உங்கள் உரிமை. நிர்ணயித்ததைவிடக் கூடுதலாக வசூலிப்பதும், நன்கொடை என்ற பெயரில் பணம் வாங்குவதும் சட்டப்படி தவறு. கேபிடேஷன் கட்டண வசூலுக்குத் தடை விதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது.

நடைமுறையில் என்ன நடக்கும்? "பில்டிங் ஃபண்ட்", "ஆக்டிவிட்டி", "ஸ்மார்ட் கிளாஸ்" என்று வேறு பெயரில் வரும். எதற்குப் பணம் கட்டினாலும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கிற பணம் எது என்பதிலேயே விஷயம் புரிந்துவிடும்.

பணம் கட்டும் முன் ஒரு முழு வருஷக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டேர்ம் ஃபீஸ், புக்ஸ், இரண்டு செட் யூனிஃபார்ம், ஷூ, வேன், ஆண்டு விழா டிரெஸ், எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதைப் பதினான்கு வருஷத்துக்கு நினைத்துப் பாருங்கள். எல்கேஜிக்கு நகையை அடகு வைத்தால், ஆறாம் வகுப்புக்கு எதை வைப்பது? முதல் வருஷம் எப்படியோ சமாளித்துவிட்டு, மூன்றாவது வருஷம் குழந்தையை நண்பர்களிடமிருந்து பிரித்து வேறு பள்ளிக்கு மாற்றுவதைவிட, ஆரம்பத்திலேயே கைக்கு அடங்கிய பள்ளியைப் பார்ப்பது நல்லது.

சின்ன ஆறுதல் ஒன்று. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், இரண்டு குழந்தைகள் வரை கட்டும் டியூஷன் ஃபீஸை 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழிவாகக் காட்டலாம். நர்சரி வகுப்புக்கும் இது பொருந்தும். நன்கொடைக்குப் பொருந்தாது.

மூன்று வயசுக் குழந்தைக்கு இன்டர்வியூவா?

"ஏ ஃபார்?" என்று கேட்டு, குழந்தை முழிக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கும் காட்சியை நிறைய பேர் அனுபவித்திருப்பீர்கள். ஆர்டிஇ சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் வரையும் அபராதம். ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயசு வரையிலான குழந்தைகளுக்கானது. 25 சதவீத இடங்களைத் தவிர மற்ற நர்சரி சேர்க்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொன்னது. சில பள்ளிகள் 'கலந்துரையாடல்' என்ற பெயரில் இன்டர்வியூ வைப்பது இந்த இடைவெளியில்தான்.

அதற்காகக் குழந்தையை வீட்டில் உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பெயர் சொல்லத் தெரியாததால் ஒரு பள்ளி சீட் தரவில்லை என்றால், அந்தப் பள்ளிதான் குழந்தைக்குத் தகுதி இல்லாதது.

பள்ளியைப் பார்க்கப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். 2012 ஜூலையில் சென்னை புறநகரில் பள்ளிப் பேருந்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி இறந்தார். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்கேஜி குழந்தை உயிரிழந்தது. ஏசி கிளாஸ், ஸ்மார்ட் போர்டு பார்க்கும் கண்ணோடு இதையும் பாருங்கள்.

* அங்கீகாரம் எந்த ஆண்டு வரை இருக்கிறது? எல்கேஜி, யுகேஜிக்கும் சேர்த்தா?
* கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றிதழ்கள் நடப்பில் இருக்கிறதா?
* கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, கிணறு எங்கே? மூடி உறுதியாக இருக்கிறதா?
* எல்கேஜி வகுப்பு தரைத்தளத்திலா? ஜன்னல், மாடிப்படிக்குத் தடுப்பு இருக்கிறதா?
* கழிவறைக்குக் குழந்தையை யார் கூட்டிப் போவார்கள்? பெண் உதவியாளர் இருக்கிறாரா?
* ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள்? எத்தனை ஆயாம்மா?
* வேனில் டிரைவரைத் தவிர உதவியாளர் இருக்கிறாரா? ஒரு வேனில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள்?
* மாலையில் யார் வந்தால் குழந்தையை அனுப்புவார்கள்? அடையாள அட்டை பார்ப்பார்களா?

முடிந்தால் ரிசப்ஷனோடு திரும்பாமல், காலையில் பள்ளி விடும் நேரத்திலோ, மாலையிலோ கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அங்கே நிற்கும் மற்ற பெற்றோரிடம் பேசுங்கள். விளம்பரத்தில் வராத தகவல் அங்கே கிடைக்கும்.

தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?

இது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. ஒரு தகவலை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். எந்த மீடியமாக இருந்தாலும் வீட்டில் குழந்தையிடம் நீங்கள் பேசும் மொழியிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள். "இங்கிலீஷ்ல பேசு" என்று மிரட்டினால் குழந்தை பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

மூன்று வயசாகியும் பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண் பார்ப்பதில்லை என்றால், "ஸ்கூல் போனா சரியாயிடும்" என்று தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம்.

முதல் வாரம் அழுதால்?

அழும். அழாத குழந்தைதான் அபூர்வம். சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தூங்கும், எழும் நேரத்தைப் பழக்குங்கள். டிபன் பாக்ஸைத் தானே திறக்க, தண்ணீர் பாட்டிலை மூட, "பாத்ரூம் வருது" என்று சொல்ல வீட்டிலேயே பழகட்டும். அம்மா பெயர், அப்பா பெயர் சொல்லத் தெரிந்தால் போதும்.

கேட்டில் விடும்போது ஒளிந்து ஓடி வராதீர்கள். "சாப்பிட்டதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் அழுகை நின்றுவிடும். சில வாரம் கழித்தும் பயம் குறையவில்லை, தூக்கத்தில் அலறுகிறது, உடம்பில் காயம் தெரிகிறது என்றால் உடனே டீச்சரிடமும், தேவைப்பட்டால் டாக்டரிடமும் பேசுங்கள்.

புகார் என்றால் எங்கே?

அதிகக் கட்டணம், சேர்க்கை மறுப்பு, பாதுகாப்புக் குறைபாடு என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தைக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் 1098, இலவசம்.

கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் டிசம்பரில் சீட் போட்டுவிட்டார் என்பதால் உங்கள் குழந்தை பின்தங்கிவிடாது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அங்கன்வாடி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி மூன்றையும் இந்த வாரமே ஒரு முறை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன சொன்னாலும் பதற்றம் வராது.